வாயிலில் நிற்கும் அந்நியன்

அன்புள்ள பங்குக் குடும்பங்களே,

சென்ற கோடையில் ஒரு சனிக்கிழமை மாலை. பாவசங்கீர்த்தனத்திற்கு வந்தோரெல்லாம் சென்ற பின், ஆலயக் கதவைச் சாத்திவிட்டுச் சாமியார் பங்களாவின் படியேறினேன். அங்கே வெள்ளைக்காரர் ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். வயது நாற்பது இருக்கலாம். தாம் போலந்து நாட்டவரென்றும், திருச்சியை அடுத்த ஒரு தொழிற்சாலையில் புதிய இயந்திரமொன்றைப் பொருத்திக் கொடுப்பதற்காக மூன்று மாத ஒப்பந்தத்தின்பேரில் வந்திருப்பதாகவும் சொல்லி, மறுநாள் திருப்பலி எத்தனை மணிக்கு என்று ஆங்கிலத்தில் கேட்டார். "காலை ஆறு மணிக்கு ஒன்று, எட்டு மணிக்கு ஒன்று, இரண்டும் தமிழில்தான்" என்றேன். "மொழி எதுவானால் என்ன, ஃபாதர், பூசை ஒன்றுதானே?" என்றார். நானும் கைகூப்பி விடைகொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

இரவு உணவுக்கு அமர்ந்தபோதுதான் மனம் உறுத்தத் தொடங்கியது. கேட்ட கேள்விக்கு விடை கிடைத்த பின்னும் அம்மனிதர் உடனே புறப்படவில்லை. தாழ்வாரத்தில் மாட்டியிருந்த ஆயரின் படத்தையும், வாடிப்போயிருந்த பூந்தொட்டிகளையும் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பேச்சுத்துணை தேடி வந்தவர், அதைக் கேட்க நாணி, பூசை நேரத்தைக் கேட்டிருக்கிறார். நான் நேரத்தை மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

மற்றொருவர் இதைச் செய்திருந்தால் அறியாமை எனலாம். நான் அறியாதவன் அல்லன். சில ஆண்டுகளுக்கு முன், ஜெர்மனி நாட்டில் பவேரியா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், விடுமுறையில் சென்ற பங்குக் குருவுக்குப் பதிலாக இரண்டு மாதம் பணியாற்றினேன். நம் மறைமாவட்டங்களின் குருக்கள் பலர் கோடையில் இவ்வாறு சென்று வருவதை நீங்கள் அறிவீர்கள். வார நாள்களில் நோயாளர் சந்திப்பும் அடக்கச் சடங்கும் இருக்கும். ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் மக்கள் கைகுலுக்கிவிட்டு அவரவர் வாகனத்தில் ஏறிப் போய்விடுவார்கள். அந்நாட்டில் ஞாயிற்றுக்கிழமை கடைகளைத் திறப்பதில்லை. தெருவில் ஆள் நடமாட்டம் இராது. பத்துப் பேர் தங்கக்கூடிய அந்தப் பெரிய வீட்டில், சுவர்க் கடிகாரத்தின் ஒலியைக் கேட்டுக்கொண்டு மாலை வரை நான் ஒருவனாய் அமர்ந்திருப்பேன். இங்கே ஞாயிறென்றால் மூச்சுவிட நேரமில்லாத எனக்கு, அங்கே ஞாயிறு என்றாலே அச்சமாக இருந்தது.

மூன்றாம் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், எண்பது வயதுக் கைம்பெண் ஒருத்தி. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்கு ஜெர்மன் மொழியில் செபங்களுக்கு மேல் அதிகம் தெரியாது. கையைப் பிடித்து அழைத்துச் சென்று, தம் வீட்டு மேசையில் காப்பியும் ஆப்பிள் பணியாரமும் வைத்தார். மறைந்த கணவரின் நிழற்படத்தைக் காட்டினார். நான் என் தாயின் படத்தைக் காட்டினேன். அன்றிலிருந்து அடுத்தடுத்த ஞாயிறுகளை நான் அச்சமின்றிக் கழித்தேன். அந்த மேசையில் உண்டு வந்தவன், என் வீட்டுப் படியில் நின்றவரை நேரம் சொல்லி அனுப்பிவிட்டேன் என்பதே எனக்கு உறுத்தல்.

மறுநாள் எட்டு மணிப் பூசையில் அவர் கடைசித் தூணருகே நின்றார். முடிந்ததும் ஓடிப்போய் வாயிலில் அவரை நிறுத்தி, "இன்று பகலை எங்கே கழிக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "விடுதி அறையில்தான். ஆறு நாளும் எனக்குப் பொழுது போதவில்லை, ஃபாதர்; ஏழாம் நாள் பொழுது போகவில்லை" என்றார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரிலிருக்கிறார்கள். தொலைபேசியில் பேசினால் இளையவள் அழுகிறாள். அவள் அழுவதைக் கேட்ட பின் அறையில் இருப்பது இன்னும் கடினமாகிவிடுகிறது என்றும் சொன்னார். மதியத்திற்கு மேல் சில நாள் குடிப்பதாகவும், அது தமக்கே பிடிக்கவில்லையென்றும் மறைக்காமல் சொன்னார்.

"ஒரு காப்பி குடித்துவிட்டுப் புறப்படுவோம்" என்றேன். எங்கள் பங்கைச் சேர்ந்த கல்லூரி மாணவன் ஒருவனும் உடன் வந்தான்.

முதலில் மலைக்கோட்டை. வெயில் ஏறுமுன் ஏறிவிடவேண்டுமென்று விரைந்தோம். செருப்பை அடிவாரத்திலேயே விட்டுவிட்டு, நானூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறினோம். இடையிலே பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை ஒன்று உண்டு. 7-ஆம் நூற்றாண்டில் உளியால் குடையப்பட்ட அந்தப் பாறையைத் தடவிப் பார்த்து, இயந்திரத்தோடு பழகிய அந்த மனிதர் நெடுநேரம் வியந்து நின்றார். உச்சியிலிருந்து பார்த்தால் நம் ஊர் முழுவதும் கண்ணில் விழும். கீழே தெப்பக்குளம்; அதையடுத்து, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த லூர்து அன்னை ஆலயத்தின் கூர்ங்கோபுரம்; அப்பால் நத்தர்வலி தர்காவின் குவிமாடம்; வடக்கே காவிரி, அதற்கும் வடக்கே கொள்ளிடம்; இரண்டுக்கும் நடுவே தென்னஞ்சோலைத் தீவாக ஸ்ரீரங்கம்.

"வெளிநாட்டார் இவ்வூருக்கு முன்பும் வந்ததுண்டா?" என்று அவர் கேட்டார். வராமலா? 1965-ஆம் ஆண்டு, அப்போதிருந்த செக்கோஸ்லோவாக்கியா நாட்டின் ஒத்துழைப்புடன் திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை தொடங்கப்பட்டபோது, அந்நாட்டு நிபுணர்கள் இங்கே வந்து தங்கிப் பணி கற்றுக்கொடுத்தார்கள். 1993-ஆம் ஆண்டு பிறந்தபோது அந்த நாடே இரண்டாகப் பிரிந்துவிட்டது. அவர்கள் கைகொடுத்துத் தொடங்கிய ஆலையோ இன்றும் நடக்கிறது. தம் நாட்டுக்கு அண்டை நாட்டார் தமக்கு முன்பே இங்கு வந்து உழைத்திருக்கிறார்கள் என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

அவர்களுக்கெல்லாம் முந்திய ஒருவனைப் பற்றியும் சொன்னேன். 1744-ஆம் ஆண்டு, பதினெட்டு வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தனாகச் சென்னைப் பட்டணத்தில் வந்திறங்கிய இராபர்ட் கிளைவ்தான் அவன். வேலை சலிப்பு, ஊரிலே அறிந்தவர் ஒருவருமில்லை, ஓய்வு நேரம் அவனுக்குச் சிறைபோல் இருந்தது. ஆளுநரின் நூலகத்தில் புகுந்து படித்தது ஒன்றே அவனுக்குக் கிடைத்த ஆறுதல். தனிமை தாளாமல் தன் உயிரையே மாய்த்துக்கொள்ள முனைந்தான் என்றும் அவன் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அவனைச் சோற்றுக்கு அழைத்த வீடு ஒன்றிருந்தால் அவன் வேறு மனிதனாகியிருப்பானோ, நாமறியோம். எழுதுகோலை வைத்துவிட்டு வாளை எடுத்தான். இந்த மலையைச் சுற்றியும் போரிட்டான். 1752-ஆம் ஆண்டு பிரெஞ்சுப் படையினர் காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத் தீவில் புகுந்து, கோயில் மதில்களையே கோட்டையாக்கிக்கொண்டு, கடைசியில் ஆங்கிலேயரிடம் சரணடைந்தனர். அயலார் ஸ்ரீரங்கத்திற்குத் துப்பாக்கியோடு போன காலம் அது.

"நாம் வெறுங்காலோடு போகலாம்" என்றான் உடன் வந்த மாணவன். மூவரும் சிரித்தபடி இறங்கி, நகரப் பேருந்து பிடித்துக் காவிரிப் பாலத்தைக் கடந்தோம்.

ஸ்ரீரங்கத்தைப் பற்றித் திருச்சிக்காரர்களாகிய உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் அயலார் ஒருவரின் கண்ணோடு பார்த்தபோது எனக்கே அது புதிதாயிருந்தது. தெற்கு இராயகோபுரத்தின் கீழ் நின்று தலையை நிமிர்த்திப் பார்த்தவர், "இது எத்தனை நூற்றாண்டு பழமை?" என்றார். அடிப்பகுதி விசயநகர மன்னர் காலத்தது; அதன்மேல் வேலை நின்றுபோய், ஏறத்தாழ 400 ஆண்டுகள் மொட்டையாகவே கிடந்தது; 13 நிலைகளும் 236 அடி உயரமுமாக அது நிறைவு பெற்றது 1987-ஆம் ஆண்டில்தான். முடிக்காமல் விட்டுப்போன வேலையைப் பிற்காலத்தார் எடுத்து முடித்தார்கள் என்ற செய்தி, ஒப்பந்த நாள்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த அவருக்குப் பிடித்துப்போயிற்று.

அக்கோயிலுக்கு ஏழு சுற்று மதில்கள். வெளிச்சுற்றுகளில் வீடுகளும் கடைகளும் உள்ளன. கோலம் போட்ட வாசல்கள், காயவைத்த வடகம், மிதிவண்டி விடும் சிறுவர்கள்! ஒரு வாயிலைக் கடந்தால் மற்றொரு தெரு. அதைக் கடந்தால் மற்றொரு வாயில். கோபுரங்கள் மட்டும் 21. "உங்கள் ஊரில் கோயிலைச் சுற்றி நகரம் இருப்பதுண்டு, இங்கே நகரமே கோயிலுக்குள் இருக்கிறதே!" என்றார். உள்ளே மூலவர் சந்நிதிக்கு வேற்றுச் சமயத்தார் செல்வதில்லை என்பதைச் சொன்னேன். அதை அவர் குறையாகக் கொள்ளவில்லை. "என் பாட்டியின் வீட்டிலும் விருந்தாளி செல்லாத ஓர் அறை உண்டு" என்றார். வெளிப் பிராகாரத்தில் சேஷராயர் மண்டபத்துக் குதிரைத் தூண்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரே கல்லில் பாயும் குதிரையையும் வீரனையும் செதுக்கிய கைகள் எத்தகைய கைகள் என்று, தம் காப்புக் காய்ந்த கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

திரும்பும் வழியில் உத்திர வீதியில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த முதியவர், வெயிலில் சிவந்துபோன அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "உட்காரச் சொல்லுங்கோ, தீர்த்தம் கொண்டுவரச் சொல்றேன்" என்று எழுந்தார். யார், எவர், எந்த மதம் என்று கேட்கவில்லை. செம்பு நிறைய மோர் வந்தது. என் வெள்ளை அங்கியைப் பார்த்து, "சாமியார் நம்ம திருச்சிதானே?" என்று மட்டும் கேட்டார். முந்திய நாள் மாலை நான் செய்யத் தவறியதை, திருமண் இட்ட அந்தப் பெரியவர் ஒரு நொடியும் யோசியாமல் செய்துவிட்டார். எனக்கு நாணமாக இருந்தது. அதை இங்கே சொல்வதால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

மதிய உணவுக்கு எங்கள் பங்கின் ஒரு குடும்பத்திற்குச் சொல்லியனுப்பியிருந்தேன். குடும்பத் தலைவர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறார், நான்கு ஆண்டுகளாகின்றன. இல்லத்தரசியார் இரண்டு பிள்ளைகளையும் மாமியாரையும் வைத்துக்கொண்டு வீட்டை நடத்துகிறார். ஞாயிறென்றால் நம் வீடுகளில் கறிக்குழம்புதானே! விருந்தாளிக்குக் காரம் குறைத்து வைத்திருந்தார்கள். ஆயினும் அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பின்பு, சின்னவளை மடியில் அமர்த்திக்கொண்டு, தம் மகளின் படத்தை அவளுக்குக் காட்டினார்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாள், அடுக்களை வாயிலில் நின்றபடி மெல்லிய குரலில் என்னிடம் கேட்டார்: "சாமி, அங்கே எங்க வீட்டுக்காரருக்கு யாராவது இப்படி ஒருவேளைச் சோறு போட்டிருப்பாங்களா?"

என்னால் விடை சொல்ல முடியவில்லை.

அன்பர்களே, இந்தக் கேள்வி நம் பங்குகளில் எத்தனை அடுக்களைகளில் கேட்கப்படுகிறது! திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் புறப்படும் விமானங்களில் நம் தந்தையரும் தமையன்மாரும் பறக்கின்றனர். அவர்கள் அனுப்பும் பணம் நமக்குத் தெரியும். அது வங்கிக் கணக்கில் ஏறுகிறது. அவர்களுடைய வேலை ஓரளவு தெரியும். அவர்களுடைய ஓய்வு நாள் எப்படிக் கழிகிறது என்பது மட்டும் நமக்குத் தெரிவதில்லை, கேட்பதுமில்லை.

சிங்கப்பூரில் ஞாயிறு மாலை தேக்காவையும் சிராங்கூன் சாலையையும் பார்த்தவர்கள் சொல்வார்கள். தொலைவிலுள்ள தங்குவிடுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர் பேருந்தில் வந்திறங்கி, புல்தரையிலும் நடைபாதையிலும் கூட்டங்கூட்டமாக அமர்ந்திருப்பார்கள். ஊருக்குப் பணம் அனுப்புவதும், காய்கறி வாங்குவதும், ஊர்க்காரனைக் கண்டு இரண்டு வார்த்தை பேசுவதும் அங்கேதான். அமர வீடில்லாதவனுக்குத் தெருவே கூடம். 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், அத்தகைய ஒரு ஞாயிறு இரவில், தொழிலாளரை விடுதிக்கு ஏற்றிச் செல்லும் பேருந்தில் அடிபட்டு, தமிழ்நாட்டைச் சேர்ந்த 33 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டு, வாகனங்கள் எரிந்தன. பலர் தண்டனை பெற்றனர், பலர் நாடு திருப்பி அனுப்பப்பட்டனர். மது விற்பனைக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. அக்கலவரத்தை யாரும் நியாயப்படுத்த இயலாது. ஆனால் நான் நினைப்பது இறந்துபோன அந்த ஒருவரை. அவர் அன்று வேலைத்தளத்தில் விழுந்து இறக்கவில்லை. ஓய்வு நாளில், ஊர் முகங்களைத் தேடிப் போய்த் திரும்பும் வழியில் இறந்தார். பின்பு 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில், அந்த ஒருநாள் உலாவுங்கூட இல்லாமல், தொழிலாளர் நெடுங்காலம் விடுதிகளுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தனர்.

வளைகுடா நாடுகளில் வெள்ளிக்கிழமையே விடுமுறையாக இருந்து வந்தது. 2022-ஆம் ஆண்டு சனவரி முதல் ஐக்கிய அரபு நாடுகளின் அரசு அலுவலகங்கள் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறின. குவைத்து போன்ற நாடுகளில் இன்றும் வெள்ளிதான். ஆகவே ஞாயிறு திருப்பலியை வெள்ளியன்றே காண்பது அங்குள்ள நம் மக்களுக்குப் பழகிப்போன ஒன்று. நாளின் பெயர் எதுவானால் என்ன? மனிதனுக்கு வேண்டியது, தன்னைப் பெயர் சொல்லி அழைக்க ஓரிடம்.

திருமறையில் ஓய்வுநாள் கட்டளையை நாம் சிறு வயதில் மனப்பாடம் செய்தோம். ஆறு நாள் உழைக்கவும் ஏழாம் நாள் ஓயவும் ஆண்டவர் கட்டளையிட்டார் என்பதோடு நம்மில் பலர் நிறுத்திக்கொள்கிறோம். அக்கட்டளை யார் யார் ஓய வேண்டுமென்று பட்டியலிடுகிறது என்பதைக் கவனித்ததுண்டா? மகன், மகள், பணியாளர், மாடு, கழுதை ஆகியோரோடு, நம் வாயில்களுக்குள் வந்து தங்கியிருக்கும் அந்நியனும் அதில் பெயர் பெறுகிறான். எகிப்தில் நீங்களும் அப்படி இருந்தவர்கள்தாமே என்று காரணமும் சொல்லப்படுகிறது. ஏழு மதில்களையும் இத்தனை வாயில்களையும் கடந்து நடந்த அன்று மாலை எனக்கு அந்தச் சொல்லின் பொருள் விளங்கியது. வேலைக்குக் கூலி போதும். ஓய்வுக்கு ஒரு வீடு வேண்டும். வீட்டை விட்டு வந்தவனுக்கு அந்த வீட்டை அவ்வூரார்தாம் தரவேண்டும். அவனால் அதை விலைக்கு வாங்க முடியாது.

வெளிநாட்டில் பணிபுரியும் நம் பிள்ளைகள் இவ்விதழைப் படிப்பதுண்டு. அவர்களுக்குத் தந்தையின் உரிமையோடு சில சொல்வேன். தம்பிகளே, தங்கைகளே, ஓய்வு நாளைப் படுக்கையில் தொலைக்காதீர்கள். உடல் களைத்திருக்கும், உறங்குங்கள், ஆனால் பகல் முழுவதும் அல்ல. வீட்டோடு பேசக் குறித்த ஒரு நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் பணக்கணக்கு மட்டும் பேசாமல், பிள்ளை பள்ளியில் என்ன செய்தது என்று கேளுங்கள். ஊர்க்காரர்களோடு கூடுங்கள், ஆனால் ஊர்க்காரன் என்பதற்காக அவன் ஊற்றும் கோப்பையையும் விரிக்கும் சீட்டையும் ஏற்காதீர்கள். தனிமையில் தொடங்கிய குடி ஊர் திரும்பிய பின்னும் நின்றுவிடுவதில்லை என்பதை, பல வீடுகளில் சமாதானம் பேசச் சென்ற நான் அறிவேன்.

நீங்கள் வாழும் நாட்டையும் பாருங்கள். நீங்கள் கட்டும் கட்டடத்தையும் உங்கள் விடுதியையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால், அந்நாட்டில் இருந்தீர்கள் என்று சொல்லமுடியுமா? ஒரு தோட்டம், ஓர் அருங்காட்சியகம், வேற்றுச் சமயத்தாரின் ஒரு வழிபாட்டிடம், இவற்றைப் பணிவோடு சென்று பாருங்கள். சிங்கப்பூரில் இருப்போர் ஓபிர் சாலையிலுள்ள லூர்து அன்னை ஆலயத்தைத் தேடிச் செல்லுங்கள். தமிழ்க் கத்தோலிக்கருக்கென 1888-ஆம் ஆண்டிலேயே எழுந்த கோயில் அது. உங்களுக்கு முன்னே வந்தவர்கள் தனிமையை எப்படித் தாங்கினார்கள் என்பதற்கு அதன் சுவர்களே சாட்சி.

ஓய்வு நேரம் வீணாகும் நேரம் என்று எண்ணாதீர்கள். ஸ்ரீரங்கம் இருக்கும் அதே தீவில், திருவானைக்காவலில், 1888-ஆம் ஆண்டு பிறந்தவர் சர். சி. வி. இராமன். 1907-ஆம் ஆண்டு, பதினெட்டு வயதில், கல்கத்தாவில் அரசுக் கணக்குத் துறை அதிகாரியாகச் சேர்ந்தார். கணக்கெழுதி ஓய்ந்த நேரத்தை, இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் காலையும் மாலையும் செலவிட்டார். 1909-இல் இரங்கூனுக்கும் அடுத்த ஆண்டு நாகபுரிக்கும் மாற்றினார்கள். ஊர் மாறினாலும் ஆய்வு ஆர்வம் மாறவில்லை. 1930-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற மேதையின் அறிவியல் வாழ்வு, அலுவலகம் முடிந்த பின் கிடைத்த ஓய்வில் முளைத்ததே. எல்லாரும் இராமன் ஆகமுடியாது. ஆனால் ஒரு மொழியையோ ஒரு தொழிலையோ எவரும் கற்கலாம். இரண்டாண்டு ஒப்பந்தத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஓய்வு நாள்கள் உண்டு.

இனி, ஊரில் இருக்கும் நமக்கு.

அந்தப் போலந்து நண்பர் பின்னும் நான்கு ஞாயிறுகள் எங்களோடு இருந்தார். வேலை முடிந்து ஊர் திரும்பினார். அவர் தோற்றத்திலேயே அயலார் என்று தெரிந்தது, ஆங்கிலம் பேசினார், ஆகவே நமக்கு அவரை அழைப்பது எளிது. அவரைப் பற்றி எழுதிவிட்டு இத்தோடு நிறுத்தினால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். சத்திரம் பேருந்து நிலையப் பக்கம் ஞாயிறு மாலை சென்று பாருங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து, நம் அடுக்குமாடிகளைக் கட்டி, நம் உணவகங்களில் பாத்திரம் துலக்கும் இளைஞர்கள், ஆளுக்கொரு கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு சுவரோரமாய் நிற்பார்கள். சிராங்கூன் சாலையில் நம் பிள்ளைகள் எப்படி நிற்கிறார்களோ, இங்கே அவர்கள் அப்படியே நிற்கிறார்கள். நாமோ கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விலகி நடக்கிறோம்.

அவர்களில் சிலர் சார்க்கண்டு மாநிலத்தவர். 1885-ஆம் ஆண்டு பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு லீவன்ஸ் அடிகள் அந்தச் சோட்டா நாகபுரிப் பகுதியில் கால்வைத்த நாள்முதல், அங்குள்ள பழங்குடி மக்களில் மிகப் பலர் கத்தோலிக்கராயினர். எங்கள் ஆறு மணிப் பூசையில் பின்வரிசையில் ஐந்தாறு இளைஞர்கள் நிற்பதை நான் பல மாதங்களாகப் பார்த்து வந்தேன். யாரோ வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று எண்ணியிருந்தேன். அந்தப் போலந்துக்காரர் போன பிறகு ஒரு ஞாயிறு, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேசிப் பார்த்தேன். அவர்கள் ஊர்ப்பங்கின் பெயரைச் சொன்னார்கள். ஒருவன் தன் ஊரில் பீடச் சிறுவனாக இருந்தவனாம். தமிழ் தெரியாததால் முன்னே வர வெட்கமாம். எட்டு மாதங்களாக ஒரே கூரையின் கீழ் ஒரே அப்பத்தைப் பகிர்ந்திருக்கிறோம். நம்மில் ஒருவரும் அவர்களுடைய பெயரைக் கேட்டதில்லை, நான் உட்பட.

பெரிய திட்டமொன்றும் நான் கேட்கவில்லை. குழு அமைக்கவும் நிதி திரட்டவும் வேண்டாம். வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் தங்கள் பங்கைச் செய்வார்கள். குடும்பங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: மாதத்தில் ஒரு ஞாயிறு, உங்கள் மதிய உணவில் ஒரு தட்டைக் கூடுதலாக வையுங்கள். கறிக்குழம்பு இல்லாவிட்டால் இரசம் போதும். பேச மொழி இல்லாவிட்டால் படங்களைக் காட்டுங்கள். எனக்கு அந்த ஜெர்மன் பாட்டி செய்ததும் அதுவே. உங்கள் பிள்ளைகள் பக்கத்தில் அமரட்டும்; விருந்தோம்பலை நூலில் படிப்பதைவிட, பரிமாறிப் பழகுவதே மேல்.

நம் வீட்டில் அந்நியன் ஒருவன் உண்டால், கடல் கடந்திருக்கும் நம்மவருக்கு அங்கே உடனே ஒரு வீடு திறக்கும் என்று நான் உறுதி கூறமுடியாது. அப்படிக் கொடுக்கல் வாங்கல் கணக்கு ஒன்றும் இறைவன் எழுதித் தரவில்லை. ஆனால் அடுக்களை வாயிலில் நின்று அந்த அம்மாள் கேட்ட கேள்வியை, சார்க்கண்டில் ஒரு குடிசை வாயிலில் நின்று மற்றொரு தாய் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுடைய கேள்விக்கு விடை நம் கையில் இருக்கிறது.

வரும் ஞாயிறு ஆறு மணிப் பூசை முடிந்ததும் நான் பின்வாயிலில் நிற்பேன். அந்த இளைஞர்களும் நிற்பார்கள். நீங்களும் சற்று நில்லுங்கள்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.

அன்புடன்,
உங்கள் பங்குக் குரு